பில் சீமரிங்: ரேடியோ கேட்டுப் படித்த பையன் ரேடியோவுக்கே பாடம் எழுதிய கதை

மர்பி_ரேடியோ எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் சிற்றலை இழையில் பேச்சுவாக்கில் 'கல்வி வானொலி நிர்வாகி' என்று பில் சீமரிங் என்ற அமெரிக்கரின் பெயரைச் சொன்னேன். "யார் சார் அவர்?" என்று மூன்று பேர் தனிமடலில் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் போடுவதற்குப் பதில் ஒரு இழையே தொடங்கிவிட்டேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். தலைமையாசிரியர் அறையில் ரேடியோ, வராந்தாவில் குழாய் ஸ்பீக்கர். பள்ளி ஒலிபரப்பு வரும் நேரத்துக்குப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைப்போம். பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சொருகிவிடும். ஆனால் பாடத்துக்கு நடுவில் ஒரு குயில் கூவினால் போதும், எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் நிமிரும். சீமரிங்கைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு அந்த வராந்தாதான் ஞாபகம் வந்தது. அவரும் அப்படித் தலை நிமிர்ந்த பிள்ளைகளில் ஒருவர்.

1934இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். மேடிசன் நகருக்கு வெளியே இரண்டே அறை கொண்ட கிராமப் பள்ளியில் படித்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.ஹெச்.ஏ. வானொலி, 1931 முதல் பள்ளிகளுக்காகவே 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' என்ற ஒலிபரப்பை நடத்தி வந்தது. இயற்கை, இசை, ஓவியம், சமூக அறிவியல் எல்லாம் அதில் பாடமாக வரும். ஓவியத்தை எப்படி ரேடியோவில் சொல்லிக்கொடுப்பது? ஜேம்ஸ் ஷ்வால்பக் என்ற ஆசிரியர் 1936 முதல் அதைச் செய்தார். ஒரு கதையைச் சொல்வார், இசையைப் போடுவார், மனதில் தோன்றுவதை வரையச் சொல்வார். பார்த்து வரைய எதிரே படமே கிடையாது. நான் எத்தனையோ ஓவிய வகுப்பு பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் ஒரு மாம்பழத்தைப் போட்டு "இதே மாதிரி வரை" என்பதுதான் எங்கள் வழக்கம்.

ஒன்றாம் வகுப்பிலேயே இதையெல்லாம் கேட்டு வளர்ந்த சீமரிங், கல்லூரிக்கும் மேடிசனுக்கே போய் அதே நிலையத்தில் மாணவராக வேலை பார்த்தார். பிறகு உளவளத்துணைப் படிப்பு, அதாவது கவுன்சலிங். இந்தப் படிப்பைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். 1962இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திக்கொண்டிருந்த டபிள்யூ.பி.எஃப்.ஓ. என்ற சின்ன நிலையத்துக்கு மேலாளராகப் போனார். கதை சூடு பிடிப்பது அங்கேதான். மீதியை இரவு எழுதுகிறேன்.

ஏரிக்கரை எழுதியது:

மர்பி ஐயா, நான் இருப்பது மேடிசனில்தான்! இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. காரில் ஏறினால் அந்த டபிள்யூ.ஹெச்.ஏ. நிலையம்தான். நீங்கள் வரும்வரை ஊர்க்காரன் என்ற உரிமையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

இந்த நிலையத்துக்கு அடிபோட்டவர் ஏர்ல் டெர்ரி என்ற இயற்பியல் பேராசிரியர். அப்போது அதன் பெயர் 9எக்ஸ்.எம். வால்வுகளைக் கடையில் வாங்க வழியில்லாத காலம். கண்ணாடியை ஊதி ஊதி ஆய்வுக்கூடத்திலேயே செய்தார்கள். விவசாயிகளுக்கு வானிலை சொல்வதுதான் முதல் வேலைகளில் ஒன்று. பல்கலைக்கழகத்தின் எல்லை என்பது மாநிலத்தின் எல்லை என்று இங்கே ஒரு கொள்கை உண்டு. உழவன் வீட்டு வாசல்வரை படிப்பு போக வேண்டும் என்று பொருள்.

எட்கர் கார்டன் என்று ஒரு பாட்டு வாத்தியாரும் இருந்தார், எல்லோருக்கும் அவர் 'பாப்' கார்டன். வருஷம் முழுக்க ரேடியோவிலேயே பாட்டு சொல்லிக்கொடுப்பார். வருஷக் கடைசியில் பிள்ளைகள் ஊர் ஊராக மேடிசனுக்கு வந்து, அதுவரை பார்த்தே இராத அந்த மனிதர் முன்னால் நின்று, ஒன்றாகச் சேர்ந்து பாடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படிப் பாடியவர். அதைச் சொல்லும்போது எண்பது வயதுக் குரலில் இரண்டு வரி பாடியும் காட்டினார்.

நெல்லைக்காரன் எழுதியது:

நல்ல இழை. ஆனால் ஒரு சந்தேகம் ஐயா. எனக்குத் தெரிந்தவரை சீமரிங், என்.பி.ஆர். என்ற அமெரிக்க தேசியப் பொது வானொலியின் செய்தி நிகழ்ச்சியை ஆரம்பித்தவர். செய்திக்காரரைக் 'கல்வி வானொலி நிர்வாகி' என்று சொல்வது பொருந்துமா? கல்வி வானொலி என்றால் பாடம் நடத்துவது. இவர் அதிலிருந்து விலகிப் போனவர் இல்லையா?

மர்பி_ரேடியோ எழுதியது:

அண்ணாச்சி, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நான் இந்த இழையைத் தொடங்கியதே இதற்காகத்தான்.

முதலில் சட்டப்படி. அமெரிக்காவில் பண்பலையின் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியை 1945இலேயே கல்விக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். உரிமத்தின் பெயரே 'வணிகம் சாராத கல்வி நிலையம்'. இன்றைக்கும் அங்குள்ள பொது வானொலிகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே சீமரிங் எப்போதும் கல்வி வானொலிக்காரர்தான்.

அதைவிட முக்கியம் பஃபலோவில் அவர் செய்தது. அந்தக் காலத்துக் கல்வி நிலையம் என்றால் பேராசிரியர் சொற்பொழிவு, செவ்வியல் இசை, நடுநடுவே ஒரு கனத்த குரல். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது என்ற ஒரே திசை. சீமரிங் திசையைத் திருப்பினார். நகரின் கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் கடைத்தெருவிலேயே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். நிகழ்ச்சிகளை அந்தப் பகுதி மக்களே தயாரித்தார்கள். பக்கத்தில் வாழும் இரோகுவாய் பழங்குடி மக்களிடம் போய் அவர்கள் வாயாலேயே அவர்கள் கதையைப் பதிவு செய்தார். 1967இல் மேரியான் அமாக்கர் என்ற இசைக் கலைஞருக்காக, நகரின் வெவ்வேறு இடங்களில் மைக்குகளை வைத்து, அந்த இடங்களின் சத்தத்தை 28 மணி நேரம் நேரலையாக ஒலிபரப்பியதும் இதே நிலையம்தான். ஒரு ஊர் தன் சத்தத்தைத் தானே கேட்டிருக்கிறது!

கவுன்சலிங் படிப்பை மனதில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான். அந்தப் படிப்பின் அடிப்படையே எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. நான் வாத்தியாராக இருந்து கற்றுக்கொள்ளத் தவறிய பாடம் அது.

1970இல் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர் போராட்டம், போலீஸ், கண்ணீர்ப்புகை. வளாகத்துக்குள்ளேயே இருந்த நிலையம் மாணவர்களையும் பேச விட்டது, நிர்வாகத்தையும் பேச விட்டது. ஒரே ஒரு உண்மை என்று எதுவும் இல்லை, பலர் பார்வையையும் சேர்த்துக் கேட்டால்தான் நடந்தது புரியும் என்று அந்த நாட்கள் தனக்குக் கற்றுத்தந்ததாகப் பின்னாளில் சொன்னார். இதைவிடப் பெரிய கல்வி எது?

புதுவைப்புயல் எழுதியது:

நான் இதழியல் முதலாண்டு மாணவன். எங்கள் பாடப் புத்தகத்தில் என்.பி.ஆர். பற்றி நாலு வரிதான் இருக்கிறது, இவர் பெயரே இல்லை. ஒரு சின்னக் கல்லூரி நிலையத்தில் இருந்தவர் எப்படி நாடு முழுக்கப் போகிற வானொலிக்குப் போனார்?

மர்பி_ரேடியோ எழுதியது:

தம்பி, அதுவும் ஒரு தப்பிப் பிழைத்த கதைதான். 1967இல், கல்வித் தொலைக்காட்சி பற்றி ஆராய்ந்த கார்னகி ஆணையம் தொலைக்காட்சிக்கு மட்டும்தான் பரிந்துரை எழுதியது. வானொலிக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்த நேரம். கல்வி வானொலிக்காரர்கள் ஓடி ஓடிப் பேசி, கடைசி நேரத்தில் பொது ஒலிபரப்பு மசோதாவில் 'வானொலியும்' என்ற சொல்லைச் சேர்க்க வைத்தார்கள். காகிதத்தில் செல்லோ டேப் வைத்து ஒட்டித்தான் சேர்த்தார்கள் என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வார்கள். 1967 நவம்பர் 7 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். அந்த ஒட்டுச் சொல்லிலிருந்துதான் 1970இல் என்.பி.ஆர். பிறந்தது.

வானொலி எப்படி இருக்க வேண்டும் என்று சீமரிங் ஏற்கெனவே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைப் படித்தவர்கள் அவரைத் தொடக்க இயக்குநர் குழுவில் சேர்த்தார்கள், நிறுவனத்தின் நோக்க அறிக்கையை எழுதும் வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். நிறுவனத் தலைவர் டான் க்வேல் பிறகு அவரையே முதல் நிகழ்ச்சி இயக்குநராக எடுத்துக்கொண்டார்.

1971 மே 3, மாலை 5 மணி. என்.பி.ஆரின் 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' செய்தி நிகழ்ச்சியின் முதல் ஒலிபரப்பு. சுமார் 90 நிலையங்கள் எடுத்தன. அன்றைக்கு வாஷிங்டனில் வியட்நாம் போரை எதிர்த்துப் பெரும் மறியல், ஒரே நாளில் ஏழாயிரம் பேருக்கு மேல் கைது. செய்தியாளர்கள் தெருவில் இறங்கிப் பதிவு செய்த நாடாக்களை வெட்டி ஒட்டி முடிக்கவில்லை, மணி ஐந்தாகிவிட்டது! தொகுப்பாளர் ராபர்ட் கான்லி கையில் எழுத்துப் பிரதி இல்லாமல் நிமிடக்கணக்கில் பேசிச் சமாளித்தார். அதற்குப் பிறகு வந்தது பாருங்கள், கூச்சல், சைரன், போலீஸ் மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்குள் புகுந்ததைப் பற்றி நேருக்கு நேர் ஒரு போலீஸ்காரரிடம் செய்தியாளர் கேட்கும் கேள்வி. விளக்கவுரை சொல்லும் கனத்த குரல் இல்லை. கேட்கிறவர் தெருவிலேயே நிற்பதுபோல் இருக்கும்.

அதே நிகழ்ச்சியில் அயோவா மாநிலத்து முடிதிருத்தும் கடை ஒன்றும் வந்தது. பையன்கள் முடி வளர்க்கத் தொடங்கியதால் வியாபாரம் படுத்துவிட, பெண்களுக்குக் கால் முடி மழிக்கத் தொடங்கியிருந்தார்கள். போரும் சவரக்கத்தியும் ஒரே மாலையில். என் கணக்கில் சீமரிங்கின் முழு மனதும் அந்த ஒரு அடுக்கில் இருக்கிறது.

கயல்விழி எழுதியது:

வணக்கம் சார். நான் சமுதாய வானொலியில் ஆறு வருடமாக இருக்கிறேன் (நிலையத்தின் பெயர் வேண்டாமே). நீங்கள் சூசன் ஸ்டாம்பர்க் பற்றிச் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது.

அவர் என்.பி.ஆரில் ஒலிநாடா வெட்டி ஒட்டும் வேலைக்கு வந்தவர். 1972இல் அவரைத் தொகுப்பாளராக்கினார்கள். அமெரிக்காவில் நாடு தழுவிய அன்றாட இரவுச் செய்தி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய முதல் பெண் அவர்தான். பெண் குரலில் செய்தி சொன்னால் கனம் இருக்காது என்று நிலைய மேலாளர்கள் பலர் புகார் சொன்னார்கள். சீமரிங் அந்தப் புகார்களை அவர் காதுக்குப் போகவே விடவில்லை. அவரிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: நீங்கள் நீங்களாகவே இருங்கள்.

எனக்கு இது சும்மா ஒரு தகவல் இல்லை சார். நான் சேர்ந்த புதிதில், "குரல் கீச்சென்று இருக்கிறது, கொஞ்சம் அடித்தொண்டையில் பேசும்மா" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! மூன்று மாதம் என் குரலே இல்லாத ஒரு குரலில் பேசினேன். வீட்டில் ரேடியோ போட்டிருந்த அம்மாவுக்கே அது நான்தான் என்று தெரியவில்லை. அப்போது எனக்கு மேலே இப்படி ஒரு ஆள் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

நெல்லைக்காரன் எழுதியது:

இவ்வளவு சொன்னீர்கள், அடுத்து நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1972 டிசம்பரில் இதே சீமரிங்கை க்வேல் வேலையை விட்டு அனுப்பினார். நிகழ்ச்சி தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

நான் இருபது வருடமாக ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன், அதனால் க்வேல் பக்கமும் பார்க்கிறேன். சீமரிங் மென்மையானவர், நல்லவர், ஆனால் நிர்வாகத்தில் தடுமாறினார் என்று அவரோடு வேலை பார்த்தவர்களே எழுதியிருக்கிறார்கள். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேசுவாராம். தினமும் ஐந்து மணிக்கு ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி போயாக வேண்டும், பணமும் ஆளும் குறைவு. அந்த இடத்தில் "இதைச் செய், அதை விடு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். கனவு காண்கிறவரும் கணக்குப் பார்க்கிறவரும் ஒரே ஆளாக அமைவது அரிது. க்வேலைக் கெட்டவராக்கிவிட்டுப் போவது நியாயம் இல்லை.

மர்பி_ரேடியோ எழுதியது:

க்வேலைக் கெட்டவர் என்று நானும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. சீமரிங்கை எடுத்தவரும் அவர்தானே. உலகத்துக்கே தெரியாத ஒரு நிறுவனத்துக்கு அரசிடம் பணம் வாங்கி, நிலையங்களைச் சேர்த்துப் பிடித்தவர் அவர்.

ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். ஒலிபரப்புத் துறையில் பெரிதாக மதிக்கப்படும் பீபடி விருது, 1972ஆம் ஆண்டுக்கு 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' நிகழ்ச்சிக்குக் கிடைத்தது. எந்த ஆண்டு வேலைக்காக விருதோ, அதே ஆண்டுக் கடைசியில்தான் அவரை வெளியே அனுப்பினார்கள். அவர் எடுத்த ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். அவர் எழுதிய நோக்க அறிக்கையை யாரும் தூக்கி எறியவில்லை. இன்றைக்கு நூற்றுக்கணக்கான நிலையங்களில் அந்த நிகழ்ச்சி ஓடும்போது அவர் காட்டிய தொனிதான் கேட்கிறது. வட்டமாக உட்கார வைத்துப் பேசியது வீண் என்றால் அந்தத் தொனி எங்கிருந்து வந்தது? அங்கே உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுப் பழகியவர்கள்தானே மைக் முன்னால் அப்படிப் பேசினார்கள்?

நெல்லைக்காரன் எழுதியது:

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நிர்வாகத்தில் தடுமாறினார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் தொழிற்சாலையிலும் இப்படி ஒருவர் இருந்தார். அவர் போன பிறகும் அவர் சொல்லிக்கொடுத்த முறையில்தான் இன்னும் வேலை நடக்கிறது. வழியனுப்பு விழா வைக்கக்கூட அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஏரிக்கரை எழுதியது:

அவர் வேலை போனபின் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வாஷிங்டனில் தேசிய நிகழ்ச்சி இயக்குநராக இருந்தவர், மினசோட்டா மாநிலத்தில் மூர்ஹெட் என்ற சின்ன ஊருக்கு, கே.சி.சி.எம். நிலையத்துக்கு மேலாளராகப் போனார். வடக்கு டகோட்டா எல்லையில் இருக்கிறது, கண்ணுக்கெட்டியவரை தட்டையான வயல். குளிர்காலத்தில் நான் ஒருமுறை அந்தப் பக்கம் கார் ஓட்டிப் போயிருக்கிறேன். காற்று மட்டும்தான் பேசும். இறக்கம் என்று நினைத்திருந்தால் அவர் போயிருக்கவே மாட்டார்.

1978இல் பிலடெல்பியாவின் டபிள்யூ.ஹெச்.ஒய்.ஒய். நிலையம். அங்கே டெர்ரி கிராஸ் 'ஃப்ரெஷ் ஏர்' என்ற உள்ளூர் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அந்த நிகழ்ச்சியை உண்டாக்கிய டேவிட் கார்ப்பாஃப் பஃபலோவில் சீமரிங்கோடு வேலை பார்த்தவர். டெர்ரி கிராஸும் பஃபலோ நிலையத்தில் மைக் பிடித்துத்தான் தொடங்கியவர். பஃபலோவில் போட்ட விதை அவருக்கு முன்பே பிலடெல்பியா போய்ச் சேர்ந்து முளைத்திருந்தது! சீமரிங் காலத்தில் அது 1985இல் வாரம் ஒருமுறை தேசிய நிகழ்ச்சியானது, 1987இல் அன்றாட நிகழ்ச்சி. இன்றும் ஓடுகிறது.

புதுவைப்புயல் எழுதியது:

அதற்குப் பிறகு ஓய்வா?

மர்பி_ரேடியோ எழுதியது:

எங்கே ஓய்வு! 'சவுண்ட்பிரின்ட்' என்ற ஆவண நிகழ்ச்சித் தொடருக்கு நிர்வாகத் தயாரிப்பாளர், 1993இல், படைப்புத்திறன் மிக்கவர்களுக்குத் தரும் மெக்கார்தர் நல்கை. அறுபது வயதை நெருங்கும்போது இந்த மனிதர் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குகிறார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்து சமுதாய வானொலிகளுக்கு வழி திறந்த நேரம். அங்கே போய்ப் புது நிலையங்களோடு உட்கார்ந்தார். பிறகு மொசாம்பிக், மங்கோலியா. அப்புறம் 'டெவலப்பிங் ரேடியோ பார்ட்னர்ஸ்' என்ற சிறு அமைப்பைத் தொடங்கி, மலாவி, ஜாம்பியா போன்ற நாடுகளில் கிராமத்து நிலையங்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். உழவுக்கும் உடல்நலத்துக்கும் உதவும் செய்திகளை அந்த ஊர்ப் பிள்ளைகளே சேகரித்து ஒலிபரப்பும் வேலை. இரண்டறைப் பள்ளியில் ரேடியோ முன்னால் உட்கார்ந்த பையன், மின்சாரம் எட்டிப்பார்க்காத ஊர்ப் பிள்ளைகள் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார்.

கயல்விழி எழுதியது:

இங்கே நம் நிலைமையையும் பதிவு செய்துவிடுகிறேன், புதுவைத் தம்பிக்குப் பயன்படும். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1995இல். கல்வி நிறுவனங்களுக்கு 2002 கடைசியில் அனுமதி வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாகத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல் கதவு திறந்தது. எங்கள் டிரான்ஸ்மிட்டர் 50 வாட். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் பெரிது.

சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப எங்களுக்கு அனுமதி இல்லை சார். 1970இல் பஃபலோவில் சீமரிங் செய்ததை இங்கே நாங்கள் செய்ய முடியாது. எங்கள் ஊரில் குடிநீர்க் குழாய் உடைந்து நாலு நாள் தண்ணீர் வராதபோது, தண்ணீர் சிக்கனம் பற்றி நிகழ்ச்சி போட்டோம், ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு வரி போட முடியவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு அக்கா ஸ்டூடியோ வாசலில் நின்று, "உங்ககிட்டதான் மைக் இருக்கே, கேளுங்களேன்" என்றார். அந்தக் குரலை நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒலிபரப்பவில்லை.

மர்பி_ரேடியோ எழுதியது:

அந்தப் பதிவை அழித்துவிடாதே அம்மா.

மொழிப்பித்தன் எழுதியது:

தாமதமாக வருகிறேன். சீமரிங் 1970இல் எழுதிய நோக்க அறிக்கையிலிருந்து, அதிகம் பேசப்படும் வரிகளைத் தமிழாக்கிப் பார்த்தேன். திருத்துங்கள்:

"இந்த வானொலி தனிமனிதருக்குத் தொண்டு செய்யும். அவருடைய வளர்ச்சிக்குத் துணை நிற்கும். மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாடுகளை ஏளனத்தோடும் வெறுப்போடும் பார்க்காது, மதிப்போடும் மகிழ்ச்சியோடும் பார்க்கும். மனித அனுபவம் வெறுமையானது, சாதாரணமானது என்று எண்ணாது, எல்லையற்ற வகைகள் கொண்டது என்று கொண்டாடும். செயலற்ற கையறு நிலைக்குப் பதிலாக, ஈடுபட்டுச் செயலாற்றும் உணர்வை ஊக்குவிக்கும்."

'வெறுமையானது, சாதாரணமானது' எனக்கே திருப்தியாக இல்லை. மூலத்தில் அந்த இரண்டு சொல்லும் இதைவிடக் கூர்மை.

கயல்விழி எழுதியது:

'உப்புச்சப்பில்லாதது' என்று போடலாமே ஐயா? எங்கள் நேயர் கூட்டத்தில் படித்தால் எல்லோருக்கும் உடனே புரியும். 'கையறு நிலை' அவர்களுக்குப் புரியாது. 'நம்மால் என்ன ஆகப்போகிறது என்று சோர்ந்து கிடக்காமல்' என்றால் சரியாக இருக்குமா?

மொழிப்பித்தன் எழுதியது:

நாலு நாளாக நான் தேடியது இந்தச் சொல்தான். இரண்டையும் மாற்றிவிட்டேன்:

"மனித அனுபவம் உப்புச்சப்பில்லாதது என்று எண்ணாது, எல்லையற்ற வகைகள் கொண்டது என்று கொண்டாடும். நம்மால் என்ன ஆகப்போகிறது என்று சோர்ந்து கிடக்காமல், நாமும் இறங்கிச் செய்வோம் என்ற எண்ணத்தை வளர்க்கும்."

நெல்லைக்காரன் எழுதியது:

'தொண்டு செய்யும்' என்பதையும் பாருங்கள் ஐயா. மேலேயிருந்து கொடுக்கிற மாதிரி ஒலிக்கிறது. 'தனிமனிதருக்காக இயங்கும்' என்றால்?

கயல்விழி எழுதியது:

அதுவும் சரி அண்ணாச்சி. மூன்று திருத்தத்தோடும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஸ்டூடியோ கதவின் உள்பக்கம் ஒட்டப்போகிறேன். வியாழக்கிழமை நேயர் கூட்டம் இருக்கிறது. குடத்தோடு வந்த அக்காவையும் வரச்சொல்லியிருக்கிறேன். அவரையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து இங்கே போடுகிறேன்.